மைனஸ் 40-லும் நிற்க வேண்டிய கண்ணாடி: கேள்வி – பதில்

கடும் குளிர் ஊர்களில் தீத்தடுப்புக் கண்ணாடி பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கட்டுகிறோம். அவசர வழிப் படிக்கட்டின் வெளிச்சுவரில் ஒரு யன்னல் வருகிறது. பக்கத்துக் கட்டடம் கிட்ட இருக்கிறபடியால் ஒரு மணித்தியாலம் தீயைத் தாங்கும் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே தை மாதம் மைனஸ் 40-க்குப் போகும். எதை எடுக்கலாம்?
– வாசகர், யெல்லோநைஃப், கனடா

கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் 60 நிமிட முத்திரை உலையில் வாங்கியது. சோதனை உலை அறை வெப்பத்தில் தொடங்கி 30 நிமிடத்தில் 843 டிகிரி, 60 நிமிடத்தில் 927 டிகிரி என ஏறும். பத்துக் குளிர்காலம் மைனஸ் 40-ல் நின்ற பிறகும் கண்ணாடி அதே நிலையில் இருக்குமா என்று அந்தச் சோதனை பார்ப்பதில்லை. அதை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

சந்தையில் உங்களுக்குக் கிடைப்பவை நான்கு வகை. கம்பி வலைக் கண்ணாடி பழையது. தீயில் விரிசல் விட்டாலும் கம்பி பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட மோதலில் எளிதாக உடையும், கையைக் கிழிக்கும். ஆட்கள் ஓடி இறங்கும் படிக்கட்டில் அதை நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டாவது, தீக்கென்றே தனியாகப் பதப்படுத்திய டஃபண்டு கண்ணாடி. உலையில் நிற்கும். ஆனால் வட அமெரிக்கச் சோதனையில் உலையிலிருந்து எடுத்த கையோடு தண்ணீர்க் குழாயால் அடிப்பார்கள், அங்கே பெரும்பாலும் நொறுங்கிவிடும். ஐரோப்பியச் சான்றிதழை மட்டும் காட்டி விற்கவந்தால் வாங்காதீர்கள். ஜன்னலுக்கு கனடாவின் தீச்சோதனைத் தரமான சி.ஏ.என்./யூ.எல்.சி. எஸ்-106 சோதனைத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். கதவுக்கு எஸ்-104, சுவராகக் கணக்கிடப்படும் கண்ணாடிக்கு எஸ்-101.

மூன்றாவது, 5 மி.மீ. செராமிக் கண்ணாடி. சூட்டில் இது ஏறக்குறைய விரிவதே இல்லை. அதனால் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் மைனஸ் 40 என்றாலும், மேலே தண்ணீர் அடித்தாலும் கவலையில்லை. குளிருக்கு இதைவிட உறுதியானது கிடையாது. குறை ஒன்றுதான்: தீச்சுடரையும் புகையையும் நிறுத்தும், வெப்பக் கதிரை நிறுத்தாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எரிந்தால், படியில் இறங்குகிறவர்கள் அந்தச் சூட்டைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே, படிக்கட்டுச் சுவரில் வெப்பத்தையும் தடுக்கும் நான்காவது வகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதுதான் நுரைப்படலக் கண்ணாடி. வியாபாரத்தில் இன்ட்யூமசென்ட் என்பார்கள். பல கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சோடியம் சிலிக்கேட் படலம் இருக்கும். சுமார் 120 டிகிரியில் அது நுரைத்து வெள்ளையாகி, வெப்பத்தை மறித்துவிடும். தீக்கு இது அருமையான பொருள், குளிருக்குத்தான் செல்லம் கொடுக்க வேண்டும். படலத்துக்குள் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் தாங்கும் வெப்ப எல்லை அச்சிட்டிருப்பார்கள். ஜெல் நிரப்பிய சில வகைகளுக்கு அது மைனஸ் 10-லேயே முடிகிறது, சிலவற்றுக்கு மைனஸ் 40 வரை போகிறது. மேல் எல்லை 45 அல்லது 50 டிகிரி. தகவல் தாளில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் ஆர்டர் கொடுக்கவே கூடாது.

மைனஸ் 40 வரை தாங்கும் என்று எழுதியிருந்தாலும், அதை நேராக வெளிக்குளிரில் நிறுத்தாதீர்கள். இரட்டைக் கண்ணாடி யூனிட்டில் உள்பக்கத் தகடாக வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரிசை இது: 6 மி.மீ. டஃபண்டு, அதன் உள்முகத்தில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய லோ-ஈ பூச்சு. 12 முதல் 16 மி.மீ. ஆர்கான் வாயு இடைவெளி; பிறகு ஒரு மணி நேர நுரைப்படலக் கண்ணாடி. இப்படி வைத்தால், வெளியே மைனஸ் 40, உள்ளே 21 என்றாலும் அறைப்பக்க முகம் சுமார் 12 டிகிரியில் இருக்கும். அதே தீக்கண்ணாடியைத் தனித் தகடாக மாட்டினால் அறைப்பக்க முகமே மைனஸ் 17-க்கு இறங்கும், உள்ளே உறைபனி படரும். இரட்டை போதாது, மூன்றடுக்கு வேண்டும் என்றால் நல்லதுதான். ஆனால் சோதனைத் தாளில் மூன்றடுக்கு இருக்க வேண்டும்.

வெளிச்சூரியன் படும் இடத்துக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பி.வி.பி. படலம் சேர்த்த வெளிப்புற வகையைக் கேளுங்கள். பனி படிந்த தரை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், வடக்கே கோடைப் பகலும் நீளம். பி.வி.பி. இல்லாத உள்ளறை வகையை வெளியே மாட்டினால் குமிழி வந்து பாலாகிவிடும். பி.வி.பி. இருந்தும் முன்பின் மாற்றி மாட்டினால் அதே கதிதான். எந்தப் பக்கம் வெளியே என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பொருத்தி முடிக்கும்வரை கிழிக்கக் கூடாது.

பலரும் கவனிக்காதது ஒன்று. யூனிட்டுக்குள் அடைபட்ட வாயு குளிரில் சுருங்கும். 20 டிகிரியில் அடைத்த யூனிட் உங்கள் தை மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கப் பார்க்கும். சாதாரண யூனிட்டில் இரண்டு தகடும் உள்ளே வளைந்து அதைச் சமாளித்துக்கொள்ளும். இதிலோ உள்தகடு 25 மி.மீ.-க்குப் பக்கத்தில் இருக்கிறது, அது வளையாது. இழுப்பு முழுவதும் வெளித்தகட்டின் மேலும், தகடுகளின் ஓரத்தை மூடி ஒட்டியிருக்கும் சீலின் மேலும் விழும். பெரிய ஜன்னலில் வெளித்தகடு வளைந்து கொடுத்துவிடும். ஒரு பக்கம் 30, 40 செ.மீ. மட்டுமே உள்ள குறுகிய ஜன்னலில்தான் ஆபத்து. குறுகிய ஜன்னல் என்றால் இடைவெளியை 12 மி.மீ.-க்கு மேல் வைக்காதீர்கள், தயாரிப்பாளரிடம் அழுத்தக் கணக்கு எழுதி வாங்குங்கள்.

எடை சதுர மீட்டருக்கு 75 கிலோவை நெருங்கும். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஜன்னல் 150 கிலோ. படிக்கட்டில் அதை எப்படி ஏற்றுவது என்று இப்போதே யோசித்துவையுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் வெளி நடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே 23 மி.மீ. தீக்கண்ணாடி ஒற்றைத் தகடாகப் போட்டிருக்கிறது. வெளி நடைக்கு ஹீட்டர் இல்லை, குளிர்காலத்தில் மைனஸ் 20 வரை போகும். காலையில் கண்ணாடி முழுதும் நீர். இப்போது கீழ் ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று மேலே ஏறிவருகிறது. துடைத்தால் போகவில்லை. இது என்ன?
– வாசகர், வின்னிபெக், கனடா

வெள்ளைப் பட்டை கண்ணாடிக்குள் இருக்கிறது. நீர் ஓரத்தின் வழியே படலத்துக்குள் புகுந்துவிட்டது. சோடியம் சிலிக்கேட் தண்ணீரில் கரையும் பொருள். அதனால்தான் தொழிற்சாலையிலேயே நான்கு ஓரத்தையும் அலுமினிய டேப்பால் மூடி அனுப்புகிறார்கள். அந்த டேப் கிழிந்திருக்கலாம், அல்லது ஃபிரேமின் அடியில் நீர் வடிய வழியில்லாமல் கண்ணாடி மாதக்கணக்கில் நீரில் நின்றிருக்கலாம்.

நீர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு எளிது. அந்தப் பக்கம் மைனஸ் 20, படிக்கட்டுப் பக்கம் 21 என்றால், உங்கள் பக்கக் கண்ணாடியின் நடுப்பகுதி சுமார் 2 டிகிரியில் இருக்கும், எஃகு ஃபிரேமை ஒட்டிய ஓரம் அதற்கும் கீழே. ஈரப்பதம் 35 சதவீதம் இருந்தாலே 5 டிகிரிக்குக் கீழ் உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். நீங்கள் தினமும் துடைத்தாலும் மறுநாள் வந்துவிடும்.

வெள்ளை பரவிக்கொண்டிருக்கும் கண்ணாடியைத் தீத்தடுப்பாக இனி நம்பக் கூடாது, மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் காரணத்தைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் புதியதும் இதே வழியில் போகும். வெளி நடையில் சிறிய ஹீட்டர் வைத்து 5 முதல் 10 டிகிரியில் நிறுத்த முடிந்தால் அதுவே மலிவான தீர்வு. ஹீட்டரின் சூட்டுக் காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்கக் கூடாது. நடு சூடாகி ஓரம் குளிர்ந்து நின்றால் பதப்படுத்தாத கண்ணாடி 30, 40 டிகிரி வித்தியாசத்திலேயே வெடித்துவிடும். இந்த வகைத் தகடுகள் பெரும்பாலும் பதப்படுத்தாதவைதான். ஹீட்டருக்கு வழியில்லை என்றால், இரட்டை யூனிட்டும் அதோடு சேர்த்துச் சோதித்த வெப்பத்தடை ஃபிரேமும் போடுங்கள்.

பழைய கண்ணாடியைக் கழற்றும்போது கண்ணாடியைப் பிடித்திருக்கும் கீழ்ச் சட்டத்தை (பீடிங்) திறந்து பாருங்கள். கண்ணாடி அடியில் வைக்கும் சிறு தாங்குகட்டையின் (செட்டிங் பிளாக்) மேல் நிற்கிறதா, நேராக எஃகில் உட்கார்ந்திருக்கிறதா? வடிகால் துளை இருக்கிறதா, சிலிகான் போட்டு அடைத்துவிட்டார்களா? பெரும்பாலும் அங்கேதான் விஷயம் இருக்கும்.

கேள்வி: வெயில் கண்ணைக் கூசுகிறது. தீக்கண்ணாடியின் மேல் சன் ஃபிலிம் ஒட்டலாமா?
– வாசகர், எட்மன்டன், கனடா

கூடாது. சோதனையில் இல்லாத ஃபிலிம் ஒட்டினால் முத்திரை செல்லாது. ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும், ஓரம் ஃபிரேமுக்குள் உறைந்து கிடக்கும், விரிசல் விழும். உள்ளே கொஞ்சம் தள்ளித் திரை மாட்டுங்கள். தொழிற்சாலையிலேயே பாதுகாப்பு ஃபிலிமோடு வரும் செராமிக் கண்ணாடி வேறு விஷயம், அது அப்படியே சோதிக்கப்பட்டது.

கேள்வி: லே-யில் விடுதி கட்டுகிறோம். டெல்லிப் பக்கம் செய்த இரட்டை யூனிட்களை லாரியில் கொண்டுவந்தோம். சில யூனிட்கள் வழியிலேயே பருத்து ஓரம் பிளந்துவிட்டன. தீக்கண்ணாடி யூனிட் ஆர்டர் கொடுக்கும் முன் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், தமிழகத்திலிருந்து லடாக் சென்று பணிபுரிபவர்

உங்களுக்குக் குளிரோடு உயரமும் சேர்ந்துகொண்டது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளிக் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. சமவெளியில் அடைத்த வாயு பாதி மடங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். மணாலி வழியாக வந்திருந்தால் தாங்லாங் லா கணவாயில் 5,300 மீட்டருக்கு ஏறியிருக்கும், அங்கே அழுத்தம் ஏறக்குறைய பாதி. பிளந்ததில் வியப்பில்லை. தீக்கண்ணாடி யூனிட்டில் உள்தகடு வளையாது என்பதால் சேதம் இன்னும் அதிகமாகும்.

வழி இரண்டு. இரு தகடுகளுக்கும் நடுவே ஓரத்தில் வரும் இடைச்சட்டத்தில் (ஸ்பேசர்) நுண்குழாய் வைத்து, அழுத்தம் சமமாகும்படி செய்து கொண்டுவந்து, இடத்தில் வைத்து அடைப்பது ஒன்று. குழாய் திறந்திருக்கும்போது ஆர்கான் தங்காது, அதனால் ஆர்கானுக்குக் காசு கொடுக்காதீர்கள். நுண்குழாய் வைத்த யூனிட்டும் தீச்சோதனைச் சான்றில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவதை. தீக்கண்ணாடியை ஒற்றைத் தகடாக, அதனோடு சோதித்த ஃபிரேமில் உள்பக்கம் மாட்டுங்கள். அதற்கு வெளியே 10, 15 செ.மீ. தள்ளித் தனி ஜன்னல் ஒன்று. நுரைப்படலத் தகட்டில் வாயு இடைவெளி இல்லாததால் எந்தக் கணவாயும் அதைப் பருக்க வைக்காது. வெளி ஜன்னலுக்கு பி.வி.பி. வைத்த லாமினேட்டட் கண்ணாடி போட்டால், உயரத்தில் அதிகமாக இருக்கும் புற ஊதாக் கதிரை அதுவே வடிகட்டிவிடும். உள் ஜன்னல் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். சற்றுத் தளர்ந்தாலும் அறையின் ஈரம் நடுவே போய் வெளிக் கண்ணாடியில் உறைந்துகொள்ளும். நடு இடைவெளியின் நீர் வெளியே வடியும்படி துளை விடுங்கள்.

சான்றிதழ் கேட்கும்போது கண்ணாடிக்கு மட்டும் கேட்காதீர்கள். கண்ணாடி, ஃபிரேம், டேப், சீலன்ட் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சி.பி.ஆர்.ஐ.) போன்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை வேண்டும். கதவானால் தீக்கதவுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3614-ஐப் பாருங்கள்.

கேள்வி: ஈ 30, ஈ.டபிள்யூ. 30, ஈ.ஐ. 30 என்று மூன்று விலை தந்திருக்கிறார்கள். கடைசியது மிக அதிகம். எங்கள் மண்டபத்துக்கு ஈ 30 போதாதா?
– வாசகர், ஆல்ட்டா, நார்வே

30 என்பது தாங்கும் நிமிடம். ஈ என்றால் தீச்சுடரும் புகையும் கடக்காது. ஈ.டபிள்யூ. என்றால் ஒரு மீட்டர் தள்ளி அளக்கும் கதிர் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டாது. ஈ.ஐ. என்றால் மறுபக்கப் பரப்பின் வெப்பம் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் உயராது. வெளியேறும் வழியை ஒட்டிய கண்ணாடிக்கு ஈ.ஐ. கேட்டிருந்தால் அதில் பேரம் பேசாதீர்கள். ஆட்கள் கடக்காத, எரியும் பொருள் அருகில் இல்லாத உயரமான ஜன்னலுக்கு ஈ போதலாம், அதையும் தீப்பாதுகாப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டி ஜனவரியில் வந்து இறங்குகிறது. வெளியே மைனஸ் 35. எப்படி இறக்கி வைப்பது, எப்போது மாட்டுவது?
– வாசகர், எட்மன்டன், கனடா

முதலில் லாரியைப் பற்றி. ஆர்டரிலேயே 'உறையாமல் கொண்டுவர வேண்டும்' என்று எழுதி, சூடேற்றிய லாரி கேளுங்கள். தகவல் தாளில் மைனஸ் 10 என்று எல்லை போட்ட சரக்கு ஒரே இரவு யார்டில் நின்றாலே போதும், கெட்டுவிடும்.

வந்த பெட்டியை நேரே சூடான அறைக்குள் தள்ளாதீர்கள். 5 முதல் 10 டிகிரி உள்ள மூடிய இடத்தில், பெட்டியைப் பிரிக்காமல், ஒரு நாள் வையுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்து ஓரத்துக்கு இறங்கும். தகடுகளைப் படுக்க வைக்கக் கூடாது, செங்குத்தாகச் சற்றுச் சாய்த்து, முழு ஓரமும் மரக்கட்டையில் பதியும்படி நிறுத்துங்கள். ஓர டேப் கிழிந்த தகட்டை அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாட்டும் இடத்தைப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு மூடி, ஃபிரேமும் 5 டிகிரிக்கு மேல் வரும்வரை சூடேற்றுங்கள். கையுறையைக் கழற்றி எஃகைத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத உறைபனி அதில் இருந்தால் சிலிகான் ஒட்டியதுபோல் இருக்கும், வசந்தத்தில் உரிந்து வரும். கேஸ்கெட்டில் பி.வி.சி. வேண்டாம், குளிரில் கல்லாகிவிடும். சோதனையில் இ.பி.டி.எம். ரப்பர் இருந்தால் அது, செராமிக் டேப் இருந்தால் அது. ஸ்பேசரும் அப்படித்தான். குளிருக்கு நல்லதென்று எஃகு ஸ்பேசரை பிளாஸ்டிக்காக மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தீயில் அது உருகிவிடும், முத்திரையும் போய்விடும்.

கேள்வி: தீக்கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது. புதியது வர எட்டு வாரமாம். அதுவரை?
– வாசகர், வின்னிபெக், கனடா

நுரைப்படலமும் டஃபண்டும் தளத்தில் வெட்ட முடியாதவை, அளவுக்குச் செய்துதான் வர வேண்டும். அதுவரை திறப்பில் எஃகுச் சட்டம் அடித்து, நடுவே ராக் வுல் (கல் இழைப் பஞ்சு) திணித்து, இரு பக்கமும் 15.9 மி.மீ. டைப் எக்ஸ் (தீத்தாங்கும்) ஜிப்சம் பலகை வைத்து மூடுங்கள். வெளிப்பக்கம் ஈரம் புகாத தாள் மேலே வரட்டும். வேலை தொடங்கும் முன் உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். உடைந்த கண்ணாடியின் மூலை முத்திரையைப் புகைப்படம் எடுத்து வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள், புதிய ஆர்டருக்கு அந்த எழுத்துகள் அப்படியே தேவைப்படும்.