ஆம்புலன்ஸில் போனால் முதலில் பார்ப்பார்களா?

கேள்வி: பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். நள்ளிரவில் அப்பாவுக்கு (66) நெஞ்சை அடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தந்த எண்ணில் தனியார் ஆம்புலன்ஸ் பிடித்து 350 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த முறை காரிலேயே போகலாமா?

பதில்: வேண்டாம். வழியில் இதயம் நின்றுபோனால், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்?

எந்த வண்டியில் வந்தீர்கள் என்று பார்த்து வரிசை போடுவதில்லை. நோயாளியின் நிலையைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். அப்பாவுக்கு உடனே இசிஜி எடுத்ததே அக்கறைதான். மாரடைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முதல் தடவை சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் நம்பலாம். காத்திருப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இதை யாராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்! உட்கார்ந்திருக்கும்போது வலி திரும்பினாலோ வியர்த்தாலோ கூச்சப்படாமல் கவுண்டரில் போய்ச் சொல்லுங்கள்.

அந்த 350 வெள்ளிதான் என்னை உறுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர், காவலாளி, சுவர் ஸ்டிக்கர் வழியாக வரும் எண்கள் பல நேரம் தரகர்களுடையவை. எந்த வேன் சும்மா நிற்கிறதோ அதற்குக் கைமாற்றிவிட்டுக் கமிஷன் வாங்குவார்கள். வேன் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வரலாம். உள்ளே ஓட்டுநரும் ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் மட்டுமே இருக்கலாம். அவசர எண் 999-ஐ அழையுங்கள். முதலில் எடுப்பவர் எந்த உதவி என்று கேட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் மாற்றிவிடுவார். அங்கே திரும்பவும் கேட்பார்கள். எரிச்சலில் போனை வைத்துவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. அப்பாவின் இதய மருத்துவர் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தால், அதன் சொந்த ஆம்புலன்ஸை அழைக்கலாம். 999 வண்டி பொதுவாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். ஆனால் வண்டி இப்போது கையில் இருக்கிறதா, கூட யார் வருவார்கள், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் 999தான். காப்புறுதி அட்டை இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்; அட்டை வண்டி ஓட்டாது. முன்பணம் என்று பேச்சு வந்தால், உயிர் காக்கும் அவசர சிகிச்சை தர வேண்டியது 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரியின் கடமை என்று சொல்லுங்கள்.

அப்புறம், போனில் தடுமாறாமல் படித்துச் சொல்ல, வீட்டு முகவரியை மலாயில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அடுக்குமாடி என்றால் ஒருவர் கீழே இறங்கி, காவல் சாவடித் தடுப்பைத் தூக்கச் சொல்லி, லிஃப்டைப் பிடித்து வைத்திருக்கட்டும்.