கூட்டுவதா, பெருக்குவதா?

கேள்வி: அம்மா, கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது கல்லூரியில் புள்ளியியல் முதலாண்டு. நிகழ்தகவில் கூட்டல் தேற்றம், பெருக்கல் தேற்றம் இரண்டும் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கணக்கைப் பார்த்தால் எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்று புரிவதில்லை. ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’, ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ என்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்பதுதானே இரண்டுக்கும் அர்த்தம்? இரண்டும் ஒன்றுதானே? முதல் இன்டர்னலில் 25-க்கு 9 வாங்கி, ராத்திரி முழுக்க அழுதேன். வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மகளே, “இரண்டும் ஒன்றுதானே?” என்று நீ கேட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. குன்னூரில் முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். வகுப்பில் பாதிப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான். வாய்விட்டுக் கேட்பவர்கள் ஒருவரோ இருவரோ. இரண்டும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட நேர் எதிர். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

நிகழ்தகவு என்றால் ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான். நீ கற்கிற அளவில் அது எண்ணுகிற வேலைதான். என்னென்ன நடக்கலாம் என்று ஒன்று விடாமல் எழுது. அதுதான் கூறுவெளி. எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்றால், நமக்கு வேண்டியவை எத்தனை என்று எண்ணி மொத்தத்தால் வகுத்துவிடலாம். விடை 0-க்குக் கீழே போகாது, 1-க்கு மேலே ஏறாது. ‘சம வாய்ப்பு என்றால்’ என்பதில்தான் வழுக்கும். ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு எவ்வளவு? பிரான்சின் பெரிய கணித மேதை தலம்பேர், 1754-இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் இதற்கு 2/3 என்று எழுதினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இல்லாவிட்டால் பூ-தலை அல்லது பூ-பூ, ஆக மூன்று வழியில் இரண்டு என்பது அவர் கணக்கு. அந்த மூன்றுக்கும் சம வாய்ப்பு கிடையாது. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கையும் எழுதினால் விடை 3/4. அவ்வளவு பெரியவருக்கே சறுக்கிய இடம் இது. ஒன்பது மார்க்குக்காக இனி ஒரு ராத்திரிகூட அழாதே.

சரி, உன் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 40 பேர் என்று வைத்துக்கொள். மழைக்காலக் காலை ஒன்றில் 24 பேர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள், 20 பேர் குடை கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் கூப்பிட்டால், அவரிடம் ஸ்வெட்டரோ குடையோ இருக்க வாய்ப்பு எவ்வளவு? ‘அல்லது’ என்று வருகிறதே என்று நீ உடனே கூட்டுவாய். 24/40-உம் 20/40-உம் சேர்ந்தால் 44/40. ஒன்றைத் தாண்டிவிட்டது! 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் 44 பேரை எண்ணியிருக்கிறாய். ஸ்வெட்டரும் போட்டுக் குடையும் கொண்டுவந்தவர்களை இரண்டு முறை எண்ணியதால் வந்த வினை. அவர்கள் 12 பேர் என்றால் ஒரு முறை கழி: 24 + 20 − 12 = 32. விடை 32/40. கூட்டல் தேற்றத்தில் கடைசியில் வருகிற கழித்தல் குறி இந்தப் பன்னிரண்டு பேருக்காகத்தான்.

இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாது என்றால் கழிக்க ஒன்றும் இல்லை. பகடையை ஒரு முறை உருட்டினால் 2-உம் 5-உம் சேர்ந்து விழாது. அதுதான் ஒன்றையொன்று விலக்குவது. அங்கே பேசாமல் கூட்டிவிடலாம்.

இப்போது அதே வகுப்பில் எல்லாரையும் விட்டுவிட்டு, குடை கொண்டுவந்த 20 பேரை மட்டும் எழுந்து நிற்கச் சொல். அவர்களில் 12 பேர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். 12/20, அதாவது 0.6. முழு வகுப்பில்? 24/40. அதுவும் 0.6. ஒருவரிடம் குடை இருக்கிறது என்று நான் உனக்குச் சொன்னாலும், அவர் ஸ்வெட்டர் போட்டிருப்பாரா என்பதில் உன் கணிப்பு ஒரு துளிகூட மாறவில்லை. இதுதான் சார்பிலா நிகழ்ச்சி. அந்த 20 பேரில் 18 பேர் ஸ்வெட்டர் போட்டிருந்தால் 0.9 ஆகியிருக்கும், சார்பு வந்துவிட்டது என்று அர்த்தம். எழுந்து நிற்பவர்களை மட்டும் எண்ணுவதற்குப் பெயர்தான் நிபந்தனை நிகழ்தகவு. கூறுவெளி சுருங்குகிறது, வேறொன்றும் இல்லை.

விலக்கும் நிகழ்ச்சியிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார். பகடையில் 2 விழுந்துவிட்டது என்று சொல்கிறேன். 5 விழுந்திருக்க வாய்ப்பு? 1/6-ஆக இருந்தது சட்டென்று 0 ஆகிவிட்டது. ஒன்றைப் பற்றித் தெரிந்ததும் மற்றது அடியோடு மாறுகிறது. இதைவிடப் பெரிய சார்பு உண்டா? நடக்க வாய்ப்புள்ள இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கினால், அவை சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்கவே முடியாது. உன் கேள்விக்கு முழு விடை இதுதான்.

அப்புறம் பெருக்கல். ‘இதுவும் அதுவும்’ என்று வந்தால் பெருக்கு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் பாதியை விட்டுவிடுகிறார்கள். முதலாவதன் வாய்ப்பை, *முதலாவது நடந்துவிட்டது என்ற நிலையில்* இரண்டாவதன் வாய்ப்பால் பெருக்க வேண்டும். சார்பு இல்லாதபோதுதான் இரண்டையும் அப்படியே பெருக்கலாம்.

நம் மலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வேறு உதாரணம் தேட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர இரண்டு ரோடு. கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஒன்று, குஞ்சப்பனை வழியாக உங்கள் கோத்தகிரிக்கு ஒன்று. நவம்பரில் அடைமழை பிடித்த நாள் ஒன்றில் ஒவ்வொன்றும் மண்சரிவால் அடைபட 1/10 வாய்ப்பு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டுமே அடைபட? 1/10 × 1/10 = 1/100, நூறில் ஒரு நாள்தானே என்று நிம்மதியாகக் கிளம்பலாம். நானும் ஒரு நவம்பரில் அப்படித்தான் கிளம்பினேன். குன்னூர் ரோடு அடைத்துவிட்டது என்றார்கள், கோத்தகிரி இருக்கிறதே என்று திரும்பினேன், அதுவும் அடைத்திருந்தது. மலை ரயிலும் அதே சரிவில்தானே ஏறுகிறது, அதையும் நிறுத்தியிருந்தார்கள். ராத்திரி மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தபோதுதான், வகுப்பில் நானே வருடா வருடம் எழுதிப் போட்ட வாய்பாடு எனக்கு உறைத்தது. இரண்டு ரோட்டிலும் பெய்வது ஒரே வடகிழக்குப் பருவமழை. ஒன்று அடைபட்டுவிட்டது என்று தெரிந்தால், மற்றது அடைபட 1/10 என்று இருக்காது, 1/2 என்றே வைக்கலாம். அப்போது 1/10 × 1/2 = 1/20. ஐந்து மடங்கு ஏறிவிட்டது. இதே ஒரு ரோடு கூடலூர்ப் பக்கமாக இருந்தால் கதை வேறு, அங்கே பெருமழை கொட்டுவது ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவத்தில்.

‘குறைந்தது ஒன்று’ என்று கணக்கில் பார்த்தால் மட்டும் நேராகப் போகாதே, சுற்றிப் போ. ‘ஒன்றுகூட இல்லை’ என்பதைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழி. பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு 6-ஆவது விழ வாய்ப்பு, நாலு ஆறில் ஒன்று சேர்ந்து 4/6 அல்ல. அப்படிக் கூட்டினால் ஆறு முறை உருட்டினால் கட்டாயம் 6 விழும் என்றாகிவிடும், விழாத நாளை நாம் எல்லோரும் லூடோ ஆட்டத்தில் பார்த்திருக்கிறோம். ஒரு முறை 6 விழாமல் போக 5/6. ஒரு உருட்டல் அடுத்ததை மாற்றாது, ஆகவே நான்கு முறையும் விழாமல் போக 5/6-ஐ நான்கு முறை பெருக்கு: 625/1296. கழித்தால் 671/1296, பாதிக்குக் கொஞ்சம் மேலே. பகடையைப் பற்றிய இந்த மாதிரிக் கேள்விகளை வைத்து 1654-இல் பிரான்சின் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நிகழ்தகவு ஒரு பாடமாக வளர்ந்தது அந்தக் கடிதங்களிலிருந்துதான். புரியாததைக் கேட்டுக் கடிதம் எழுதிய நீயும் அந்த வழியில்தான் வந்திருக்கிறாய்.

பாடம் மாறுவதா? இந்த செமஸ்டர் முடிகிற வரை மாறாதே. உன்னிடம் இல்லாதது புத்தி அல்ல, எழுதி எண்ணுகிற பழக்கம். ஒரு மாதம், கணக்கைப் பார்த்ததும் வாய்பாட்டைத் தேடாமல் கூறுவெளியை எழுது. அப்புறம் ‘இதைச் சொன்னால் அது மாறுமா?’ என்று கேள். அந்த 9 மார்க் பேப்பரையே எடுத்து மறுபடி இப்படிப் போட்டுப் பார்.

அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. பையில் 10 பிளம்ஸ், அதில் 3 புழு விழுந்தவை. பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று சாப்பிடுகிறாய். தின்ற பழம் பைக்குத் திரும்பாது என்பதை மறக்காதே. ஒரு புழுப் பழமாவது உனக்கு வர வாய்ப்பு எவ்வளவு? 17/24 வருகிறதா என்று பார். வராவிட்டால் போட்ட கணக்கை அப்படியே, அடித்தல் திருத்தலோடு எனக்கு அனுப்பு.