வாசகர் கேள்வி: அடுப்புக்கு மேலே தீயணைப்பான் வைக்கலாமா?

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் 1 கிலோ தூள் தீயணைப்பானை அடுப்புக்கு மேலேயே மாட்டியிருக்கிறோம். அதன் அழுத்தமானியின் ஊசி பச்சையில் நிற்கிறது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் இது போதுமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் அதை அங்கிருந்து கழற்றுங்கள், அம்மா. எரியும் சட்டியைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. சமையலறை வாசலை ஒட்டி மாட்டினால், எடுத்தபின் வெளியேறவும் வழி இருக்கும்.

எண்ணெய்த் தீக்கு முதலில் தேட வேண்டியது தீப்போர்வை, அதாவது தீயை மூடி அணைக்கும் எளிதில் எரியாத துணி. தூளைக் கிட்ட நின்று அடித்தால் அதன் வேகமே கொதிக்கும் எண்ணெயைச் சிதறடிக்கும். சுடர் அடங்கினாலும் எண்ணெயின் சூடு குறையாது, மறுபடி பற்றும். 1 கிலோ தூளோ சுமார் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். தண்ணீர் ஊற்றவே கூடாது. போர்வையின் விளிம்பில் கைகளைச் சுற்றி மறைத்து, உங்கள் பக்கமிருந்து அப்பால் சாய்த்தபடி சட்டியை மூடுங்கள். கேஸை அடைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் தூக்கிப் பார்த்தால் காற்றுப் பட்டு மீண்டும் எரியும்.

ஊசி அழுத்தத்தை மட்டுமே காட்டும். தூள் அடியில் இறுகியிருந்தாலும் பச்சைதான். மாதம் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்கி, கைப்பிடியில் உள்ள பாதுகாப்புப் பின்னும் (pin) அதன் முத்திரையும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.

தீ சட்டியைத் தாண்டினால் போராட வேண்டாம்: எல்லாரும் வெளியே, கதவைச் சாத்துங்கள், அவசர எண் 999-ஐ அழையுங்கள்.