செல்லுக்குள் ஒளிந்த வைரஸை வெள்ளையணு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. வைரஸ் காய்ச்சல் வந்து பத்து நாளில் சரியானது. ரத்தப் பரிசோதனையில் லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளையணு 48 சதவீதம் என்று இருந்தது. 'கிருமி தொற்றிய செல்களை அழிக்கும் அணுக்கள் அவை, பயப்படாதீர்கள்' என்றார் டாக்டர். வைரஸ் செல்லுக்குள்தானே ஒளிந்திருக்கும்? வெளியிலிருந்து எப்படித் தெரியும்? நல்ல செல்லையும் சேர்த்து அழித்துவிடாதா?

பதில்: ஒளிந்திருக்க முடியாதபடி உடம்பே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. உட்கரு உள்ள செல் எதுவானாலும், தனக்குள் உருவாகும் புரதங்களில் கொஞ்சத்தை ஓயாமல் நறுக்கி, எட்டுப் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை வெளிப்பரப்பில் நீட்டிக் காட்டியாக வேண்டும். துண்டைத் தாங்கும் தட்டுக்குப் பெயர் எம்.எச்.சி. லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான டி செல்கள் செல்செல்லாகத் தடவிப் பார்த்தபடி நகரும். தட்டில் இருப்பது நம் சொந்தச் சரக்கு என்றால் கடந்து போய்விடும். வைரஸின் துண்டு என்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். துண்டை மட்டும் பார்த்தால் போதாது, தட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதை எலிகளை வைத்துக் காட்டிய விஞ்ஞானிகள் டோஹர்ட்டிக்கும் ஜிங்கர்நாகலுக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒட்டிய பிறகு நடப்பது கொலை என்பதைவிடத் தற்கொலைக்குத் தூண்டுவது என்றே சொல்வேன். டி செல் விடும் பெர்ஃபோரின் என்ற புரதம் செல்லின் சவ்வில் துளை போட, கிரான்சைம் என்ற நொதி உள்ளே போய், செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் கட்டளையை முடுக்கிவிடும். செல் வெடித்துச் சிதறாது. சுருங்கிச் சின்னப் பொட்டலங்களாகப் பிரியும். அவற்றை மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவு அணுக்கள் விழுங்கிவிடும். டி செல் கழன்று அடுத்த செல்லைத் தேடிப் போகும்.

சரி, தட்டையே நீட்டாமல் விட்டால்? சைட்டோமெகலோ வைரஸ் அப்படித்தான் செய்யும். சில புற்றுநோய்ச் செல்களும் செய்யும். ஆனால் என்.கே. செல்கள் (இயற்கைக் கொல்லி அணுக்கள்) தட்டு காணாமல் போவதையே சந்தேகமாக எடுத்துக்கொள்ளும். புற்றுநோய்க்கு இன்னொரு தந்திரமும் உண்டு: டி செல்லின் பிரேக்கை அழுத்திவிடும். அந்தப் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இப்போது பல நோயாளிகளுக்குப் பலன் தருகின்றன.

நல்ல செல் தப்புவது எப்படி? டி செல்கள் தைமஸ் சுரப்பியில் வளரும்போதே, சொந்தப் புரதத்தின் மேல் பாய்பவை பெரும்பாலும் கழிக்கப்படுகின்றன. பெரும்பாலும்தான். தப்பி வருபவை எல்லை மீறும்போது, முதல் வகை நீரிழிவு போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் வருகின்றன.

இனி உங்கள் 48. லிம்ஃபோசைட் என்பது டி செல், எதிர்ப்புரதம் தயாரிக்கும் பி செல், என்.கே. செல் எல்லாம் சேர்ந்த கணக்கு. சதவீதத்தைவிட எண்ணிக்கைதான் முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 4,000 வரை இருக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சற்றுக் கூடுவது வழக்கமே. ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குள் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி வடியாமல் இருந்தாலும், எடை குறைந்தாலும், இரவில் துணி நனைய வியர்த்தாலும் காத்திருக்க வேண்டாம். அப்புறம், 'எதிர்ப்புச் சக்தி' மாத்திரை எதுவும் வாங்காதீர்கள். உங்கள் அணுக்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.