ஒருமுறை அழுத்தினால் மூன்று தாவுகிறது!

கேள்வி: இசிஇ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லாஜிக் சமன்பாடுகளைச் சுருக்கும் கார்னாஃப் மேப் எல்லாம் தப்பில்லாமல் போடுவேன். ஆனால் லேபில் பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் சுற்று அமைக்கும் பலகை) துடிப்புகளை எண்ணும் 7493 கவுண்ட்டர் ஐசியை அமைத்து, பட்டனை ஒருமுறை அழுத்தினால் எண் இரண்டு மூன்று தாவிவிடுகிறது. ஐசி போய்விட்டதா?
- ஒரு மாணவி, கரூர்

பதில்: ஐசி நன்றாகத்தான் இருக்கிறது, பிரச்சினை பட்டனில். உள்ளே உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் நிற்கும். நமக்கு அது ஒரே அழுத்தல், நானோ விநாடிக் கணக்கில் வேலை செய்யும் ஐசிக்கோ பல துடிப்புகள், அது சரியாகத்தான் எண்ணுகிறது.

பட்டனை எடுத்துவிட்டு மூன்று கால் டூ-வே சுவிட்ச் போடுங்கள். நடுக்காலை கிரவுண்டில் கொடுத்து, மற்ற இரண்டையும் 7400 ஐசியின் இரண்டு நேண்ட் கேட்டுகளால் ஆன எஸ்ஆர் லாட்சுக்கு (கடைசி நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சுற்று) கொடுங்கள், ஒவ்வொன்றையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடும் இணைக்க வேண்டும். லாட்சின் வெளியீட்டைப் பட்டனுக்குப் பதிலாகக் கவுண்ட்டருக்குக் கொடுங்கள். முதல் தொடுதலிலேயே லாட்ச் நிலை மாறிவிடும், அப்புறம் தகடு எவ்வளவு துள்ளினாலும் அசையாது. பாடத்தில் படித்த லாட்ச் எதற்கென்று இங்கேதான் உண்மையில் புரியும், எனக்கு மிகவும் பிடித்த லேப் சோதனையே இதுதான்.

இன்னொன்று, 7400-இல் சப்ளை 14-ஆம் கால், கிரவுண்ட் 7-ஆம் கால். அதே பழக்கத்தில் 7493-க்குக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு சப்ளை 5, கிரவுண்ட் 10. 7493-இன் 2, 3 ரீசெட் கால்களையும் (எண்ணைப் பூஜ்யமாக்குபவை) சும்மா விடக்கூடாது, இந்த டிடிஎல் வகை ஐசி அதை 1 என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலேயே நின்றுவிடும், கிரவுண்டில் கொடுத்துவிடுங்கள்.