பெடல் கீழே போகிறது, ஒரு சக்கரம் மட்டும் லாக் ஆகிறது: பின் பிரேக்கில் எங்கே பார்ப்பது?

கேள்வி: என்னுடையது பழைய பிக்கப், பின்னால் டிரம் பிரேக். சில மாதங்களுக்கு முன் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த தகடு) புதிதாக மாற்றினேன். அதிலிருந்து பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இப்போது பாதிக்கு மேல் போகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. வண்டி காலியாக இருக்கும்போது அழுத்தி மிதித்தால் இடது பின் சக்கரம் மட்டும் லாக் ஆகிறது. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிந்தால், பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துக்கொண்டே இருக்கும்போது அது மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். முதல் மிதியிலேயே பெடல் உயரமாக நின்றால், பின்னால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். அப்போதும் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும்.

ஷூ மாற்றிய பிறகுதான் பெடல் இறங்க ஆரம்பித்தது என்கிறீர்களே, என் சந்தேகம், ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் மேல்தான். நட்சத்திரப் பல்சக்கரம் வைத்த அந்தத் திருகில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப்போட்டு வேலை செய்தால் மாறிப்போவது சுலபம். மாறிவிட்டால், தேய்மானத்துக்கு ஏற்ப ஷூவை வெளியே தள்ள வேண்டியது, ஒவ்வொரு முறையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதன் மேலேயே இடம், வலம் குறிக்கும் எழுத்து பொறித்திருக்கும். துருவைத் துடைத்துப் பாருங்கள். சரியான பக்கத்தில்தான் இருக்கிறது என்றால், மரை இறுகி நிற்கிறதா, அதைத் தள்ளும் லீவரின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நெம்பி நெம்பி ஷூவை மட்டும் டைட் வைத்து அனுப்பினால் சில வாரங்களில் இதே கதைதான்.

இரண்டாவது புகார் தனி. ஒரு சக்கரம் மட்டும் லாக் ஆவதால், சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் லோடு சென்சிங் வால்வை இப்போதைக்கு மறந்துவிடலாம். வழக்கமான அமைப்பில் அது இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் அழுத்தத்தைக் குறைக்கும். ஒன்று, இடது ஷூவில் எண்ணெய் பட்டிருக்கும். எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும் என்றுதான் நினைப்போம். டிரம் பிரேக்கில் கொஞ்சமாகப் பட்டால் சட்டென்று கவ்விப் பிடிப்பதும் உண்டு. இல்லையென்றால் இடது பக்கத்தில் குறையே இல்லாமல், வலது பக்கம் வேலை செய்யாமல் இருக்கலாம். அதனால் இரண்டு டிரம்மையும் கழற்றுங்கள்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகே கழற்ற வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். டிரம் வரவில்லை என்றால் டிரம் தேய்ந்து ஓரத்தில் உண்டான விளிம்பு ஷூவில் மாட்டியிருக்கும். பின் தட்டில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரப்படுத்தித் துடையுங்கள்.

ஷூவை டிரம்மின் மேல் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறை ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. சொட்டு வடிந்தால் சிலிண்டர் போய்விட்டது. வடிவது கருப்பாக, கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது பிரேக் ஆயில் அல்ல, பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருந்து ஆக்சில் சீல் வழியே வரும் கியர் ஆயில். சீலை மாற்றும்போது ஆக்சிலின் பிரீதரையும் (உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் சின்னத் துளை) பாருங்கள். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும். இந்த ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய் ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். ஒரு பக்கம்தான் கெட்டது என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் லேத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், புதிதுதான். வலது பக்கம் உலர்ந்து இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், ஒருவரை மிக மெதுவாகப் பெடலை மிதிக்கச் சொல்லி, சிலிண்டரின் இரு முனையும் நகர்கிறதா பாருங்கள். இறுகிய பிஸ்டன் அசையாது.

மாட்டும்போது முதலில் அட்ஜஸ்டரில் இடைவெளியைச் சரிசெய்து, அப்புறம்தான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை முன்பே இறுக்கினால் ஷூ முழுதாக உள்ளே திரும்பாது, அட்ஜஸ்டரும் சரியாக வேலை செய்யாது. சீல் கசிந்திருந்தால் டிஃபரன்ஷியலில் ஆயில் மட்டத்தையும் பார்த்து நிரப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.