பூர்வகுடி மக்களின் தொழிலுக்கு ஆன்லைன் நிகழ்வுகளால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்து வாங்கினால்தான்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். டார்வின் நகரில் வருடாவருடம் ஆகஸ்டில் பூர்வகுடிக் கலைச் சந்தை ஒன்று நடக்கிறது. 2020-ல் கொரோனாவால் அதை முழுக்க இணையத்துக்கு மாற்றினார்கள். யுவென்டுமு மாதிரி பாலைவனத்து ஊர்களில் வரையும் ஓவியத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் வாங்கலாம். விற்ற பணத்தில் சந்தை கமிஷன் எடுப்பதில்லை. கலைஞர்களின் சொந்தக் கலை மையங்களுக்கே போகிறது.

போலிகள்தான் பெரிய தலைவலி. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிகள் கைப்பட வரைந்தவை போலக் காட்டி விற்ற நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதனால் ஓவியத்தோடு வரும் சான்றிதழைப் பாருங்கள்: கலைஞர் பெயர், ஊர், எந்தக் கலை மையம், ஓவியம் சொல்லும் கதை என்ன என்று இருக்கும். இதெல்லாம் இல்லாமல் 'பூர்வகுடி பாணி' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

நீங்கள் கம்பெனிக்காகக் கொள்முதல் செய்பவர் என்றால் ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி நிறுவனங்களைப் பட்டியலிடும் 'சப்ளை நேஷன்' அமைப்பின் பட்டியலில் தேடுங்கள். பூர்வகுடியினருக்குச் சொந்தமான தொழில்தானா என்று சரிபார்த்தே சேர்ப்பார்கள். 2015 முதல் அந்நாட்டு அரசே இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் தர இலக்கு வைத்திருக்கிறது.

பூர்வகுடியினருக்காக நடத்தும் வேலைவாய்ப்பு வெபினார்கள் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பேச்சு முடிந்த கையோடு நேர்காணலுக்குக் கூப்பிட்டால் சரி; இல்லையென்றால் வெறும் போட்டோவோடு போய்விடும்.